நான்காம் அத்தியாயத்து நாய்

ஜூலை 14, திங்கள்

நான்காம் வருடம் தொடங்கிவிட்டது. ஆனர்ஸ் பட்டம் வேண்டுமென்றால் ஆய்வேடு எழுத வேண்டும். ஆய்வேட்டைப் படித்து, திருத்தி, கடைசியில் கையெழுத்துப் போட மூன்று பேராசிரியர்களை நாமே தேடிப் பிடித்துக் குழு அமைக்க வேண்டும். கைடு நம் விலங்கியல் துறைக்காரர். இரண்டாமவர் கணக்கு பார்க்க. மூன்றாமவர் நம் துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஆள். மூவரில் ஒருவர் கையை விரித்தாலும் ஆனர்ஸ் போச்சு. ஆனர்ஸ் போனால் பெங்களூரில் நேரடியாக பிஎச்.டி. சேரும் கனவும் போச்சு. ஆக இந்த வருடம் எனக்கு மூன்று சாமி, மூன்று படையல்.

ரூம்மேட் ஜெபஷீலா வேதியியல்காரி. போன வருடம் அவள் அக்காவும் இதே பாடுபட்டவள். "ஏட்டி ரேகா, யாருக்கு யாரப் புடிக்காதுன்னு முதல்ல விசாரி. மொறச்சுக்கிட்டுத் திரியற ரெண்டு பேர ஒரே மேசையில உக்கார வச்சன்னா நடுவுல நசுங்கப்போறது நீதான்" என்றாள்.

தலைப்பை நான் எப்போதோ முடிவு செய்துவிட்டேன். எங்கள் கல்லூரி வளாகத்து நாய்கள் தங்களுக்குள் எல்லை பிரித்துக்கொள்ளும் விதம். போனில் அம்மாவிடம் சொன்னேன். "இதுக்கா நாலு வருசம்?" என்றாள்.

ஜூலை 22, செவ்வாய்

குழு அமைந்துவிட்டது.

கைடு டாக்டர் கோயில்பிச்சை. விலங்கியல். கொடுத்த பக்கங்களை மறுநாளே பென்சிலில் திருத்தித் தந்துவிடுவார் என்று நல்ல பெயர். எழுத்து எறும்பு அளவுதான் இருக்கும், அது வேறு விஷயம். ஒத்துக்கொண்ட கையோடு ஒரு நிபந்தனை போட்டார். நாய் எதற்கும் பெயர் வைக்கக் கூடாது. "பேர் வச்சா பாசம் வந்துரும்மா. பாசம் வந்தா பாக்கறதெல்லாம் தப்பாத்தான் தெரியும். நம்பர் போடு." சரி சார் என்றேன். எனக்கு நாய் மேல் பாசமெல்லாம் கிடையாது. இது அறிவியல்.

கணக்குக்கு டாக்டர் ஆவுடைநாயகி, புள்ளியியல். கல்லூரி ஒழுங்குக் குழுவுக்கும் இவர்தான் தலைவி. இவர் வராந்தாவில் வந்தால் சிரித்துக்கொண்டிருப்பவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். ஜெபஷீலா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் இவர் பார்த்துச் சரி என்று சொன்ன கணக்கில் எவரும் கை வைக்க முடியாது.

வெளித்துறைக்கு தமிழ்த்துறை சிவசைலம் ஐயா. யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர் என்பதால் பிடித்தேன். தலைப்பைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. சின்ன வயதில் நாய் கடித்ததாம், அதிலிருந்து அந்த ஜாதியே ஆகாதாம். இருந்தாலும் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

ஆகஸ்ட் 6, புதன்

வளாகத்தில் மொத்தம் பதினொரு நாய்கள். கேண்டீன் கூட்டம், நூலகக் கூட்டம், ஹாஸ்டல் கூட்டம் என்று மூன்றாகப் பிரிந்திருக்கின்றன. ஒரு கூட்டத்து நாய் அடுத்த எல்லையில் கால் வைத்தால் போதும், ஊரே கூடிக் குரைக்கும். எல்லாவற்றுக்கும் எண் போட்டாயிற்று.

ஏழாம் எண் மட்டும் எந்தக் கூட்டத்திலும் இல்லை. கிழட்டு நாய். செம்மண் நிறம், வலது காது மடிந்திருக்கும், முன்பல் பாதி இல்லை. அது பாட்டுக்கு மூன்று எல்லையையும் தாண்டிப் போகிறது, வருகிறது. எந்த நாயும் அதைத் தொடுவதில்லை. மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் கிடைக்கும் மரியாதை அதற்குக் கிடைக்கிறது.

ராத்திரிக்கு மெஸ்ஸில் சப்பாத்தி. ரப்பர். ஒன்றுக்கு மேல் இறங்கவில்லை, மிச்சத்தை வெளியே போட்டுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

குழுவின் முதல் கூட்டம். எதிலும் ஒத்துப்போகாத மூன்று பேரை எப்படித்தான் தேடித் தேடிப் பிடித்தேனோ.

தலைப்பு நீளம் என்றார் ஆவுடைநாயகி மேடம். குட்டை என்றார் சிவசைலம் ஐயா. வளாக வரைபடத்தில் வடக்கு மேலே இருக்க வேண்டும் என்றார் கைடு. கேட் எந்தப் பக்கமோ அது மேலே இருந்தால்தான் ஆளுக்குப் புரியும் என்றார் ஐயா. பதினொரு நாயை வைத்துக்கொண்டு சராசரி எடுப்பது பாவம் என்றார் மேடம். பன்னிரண்டாவது நாய்க்கு எங்கே போவது என்று கேட்டார் கைடு. கடைசியில் டீயில் சர்க்கரை போடுவது வரைக்கும் தகராறு வந்தது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது, ஆனால் சிரிப்பும் வந்தது. மூன்று பேரும் என் பக்கங்களை ஒரு வரி விடாமல் படித்திருந்தார்கள். என்னுடையதை இதற்கு முன் யாரும் அப்படிப் படித்ததில்லை.

கைடின் சட்டைப் பையில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது. சாருக்கு சுகர் என்று எல்லாருக்கும் தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தெரியாத மனிதர்.

அக்டோபர் 9, வியாழன்

முதலாம் ஆண்டுப் பையன் ஒருவனை கேண்டீன் பக்கத்து நான்காம் எண் கடித்துவிட்டது. மதியமே எல்லா நோட்டீஸ் போர்டிலும் சர்க்குலர் ஏறிவிட்டது. வளாகத்தில் நாய்களுக்கு எவரும் உணவு போடக் கூடாது. மீறினால் மாணவருக்கு அபராதம், ஆசிரியருக்கு மெமோ. கீழே ஒழுங்குக் குழுத் தலைவர் ஆவுடைநாயகியின் கையெழுத்து, கடைசியில் அழுத்திக் குத்திய புள்ளியோடு.

மேடத்தை லிஃப்ட் பக்கம் பார்த்தேன். கையில் இரண்டு டிபன் பாக்ஸ். அவர் சாப்பிடுவது கோழி கொத்துவது போல இருக்கும். விருந்தாளி யாராவது வந்திருக்கலாம்.

அக்டோபர் 25, சனி

சப்பாத்தி இன்றும் ரப்பர். வெளியே போட்டேன்.

நவம்பர் 21, வெள்ளி

அகப்பட்டுவிட்டது! ஆய்வேட்டின் உயிர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். ஏழாம் எண்.

மூன்று மாதக் குறிப்புகளை வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். ஏழு தினமும் ஒரே வழியில்தான் சுற்றுகிறது. காலையில் விலங்கியல் லேப் பின்புறம், மதியம் புள்ளியியல் கட்டடத்து வாட்டர் டேங்க் அடி, சாயங்காலம் தமிழ்த்துறை சைக்கிள் ஷெட். இருட்டுவதற்குள் ஹாஸ்டல் வாசல். ஹாஸ்டல் வாசலுக்கு ஏன் வருகிறது என்று சரியாகத் தெரியவில்லை, குப்பைத்தொட்டி காரணமாக இருக்கலாம். மற்ற இடங்களில் குப்பைத்தொட்டியும் கிடையாது. சண்டைக்கார மூன்று கூட்டத்துக்கும் நடுவே சமாதானத் தூது போகும் நாய் இது என்பது என் கணிப்பு. இதற்கே தனி அத்தியாயம், நான்காவது. பெங்களூர்க்காரர்கள் கேட்கப்போவதும் இதைப் பற்றித்தான்.

இன்று சைக்கிள் ஷெட் பக்கம் சிவசைலம் ஐயாவைப் பார்த்ததும் ஏழு வாலை அப்படி ஆட்டியது. ஐயா "சூ சூ" என்று கைப்பையைத் தூக்கிக் காட்டிவிட்டு என்னைப் பார்த்து அசடு வழியச் சிரித்தார். நாய்க்கு ஆள் தெரியவில்லை, பாவம்.

ஜெபஷீலா சாப்பிடும்போது கேட்டாள், "ரப்பர் ரப்பர்ங்க, ஆனா மூணு மூணா வாங்குத. எனக்கு நல்லாத்தானட்டி இருக்கு?" அவள் நாக்குக்கு என்ன தெரியும்.

டிசம்பர் 4, வியாழன்

நான்காம் அத்தியாயத்தை மூவருக்கும் கொடுத்தாயிற்று. குளித்துவிட்டு, கோயிலுக்குப் போய்விட்டு வந்துதான் கொடுத்தேன். 

ஜனவரி 20, செவ்வாய்

எழுதாமல் தூக்கம் வராது.

ஒன்றரை மாதம் இழுத்தடித்துவிட்டு மூன்று பேரும் இன்று தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். கைடு மேசை டிராயரைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அத்தியாயம் அவ்வளவு முக்கியமில்லை, சுருக்கி மூன்றாவதில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடலாம் என்றார். மேடம், ஒரே ஒரு நாய் மட்டும் விலகி நிற்கிறது என்றால் கணக்கில் அதைத் தூக்கிவிடுவதுதான் முறை என்றார். சிவசைலம் ஐயா பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்துவிட்டு, இதை ஓர் அடிக்குறிப்பில் அடக்கிவிட்டால் நடை கச்சிதமாக இருக்கும் என்றார்.

வடக்கு மேலேயா கீழேயா என்று இன்னும் முடிவு செய்யாத மூன்று பேர். டீயில் சர்க்கரைக்குச் சண்டை போட்ட மூன்று பேர். ஆறு மாதத்தில் முதல்முறையாக ஒத்துப்போகிறார்கள், அதுவும் என் அத்தியாயத்தின் கழுத்தை நெரிப்பதில்! அதை எடுத்துவிட்டால் மீதி இருப்பது நாய் குரைக்கும், நாய் ஓடும் என்பதுதான். அதற்கு யார் ஆனர்ஸ் தருவார்கள்?

என் எழுத்தில்தான் கோளாறு என்று கடைசியில் எனக்கே தோன்றிவிட்டது. தூது போகிறது என்று எழுதியிருக்கிறேன், ஆனால் போன இடத்தில் என்ன செய்கிறது என்று அருகில் போய்ப் பார்க்கவில்லையே. தூரத்திலிருந்து எண் மட்டும் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். நாளைக்கு ஒருநாள் முழுக்க ஏழு பின்னாலேயே போகப்போகிறேன்.

ஜனவரி 21, புதன்

காலை, விலங்கியல் லேப் பின்புறம். சன்னல் திறந்தது. பிஸ்கட் ஒன்று விழுந்தது, இன்னொன்று விழுந்தது. ஏழு பல்லில்லாத வாயால் ஊறவைத்து ஊறவைத்துத் தின்றது. சன்னலுக்குள்ளிருந்து, "மெதுவா ஐயாத்துரை, மெதுவா" என்று குரல். நம்பர் போடச் சொன்ன அதே குரல்.

மதியம், வாட்டர் டேங்க் அடி. இரண்டாவது டிபன் பாக்ஸ் யாருக்கு என்று தெரிந்துவிட்டது. தயிர்சாதம். சர்க்குலரில் கையெழுத்துப் போட்ட அந்தக் கையே பிசைந்து வைத்தது. மேடம் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்திருந்தார். அவர் தரையில் உட்காருவார் என்று சொன்னால் கல்லூரியில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

சாயங்காலம், சைக்கிள் ஷெட். ஐயா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கைப்பையிலிருந்து பன் எடுத்தார். பிய்த்துப் போட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் ஓரடி பின்வாங்கினார். இன்னமும் நாய் என்றால் அவருக்குப் பயம்தான். பயந்துகொண்டேதான் போடுகிறார்.

ஒவ்வோர் இடத்திலும் ஏழு பாதிதான் தின்கிறது. பல்லில்லை, வயிறும் சின்னது. அது நகர்ந்ததும் அந்த எல்லைக்காரர்கள் வந்து மீதியைத் தின்கிறார்கள். அதனால்தான் எந்த நாயும் அதைக் கடிப்பதில்லை. தூதாவது மண்ணாவது. அது வந்தால் சோறு வரும், அவ்வளவுதான்.

ஒருவருக்கு மற்ற இருவர் போடுவது தெரியாது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜனவரி 29, வியாழன்

ஒரு வாரமாக ஒரு வரிகூட எழுதவில்லை.

உண்மையை எழுதினால் என் குழுவையே காட்டிக்கொடுத்தது போல ஆகும். மெமோ வரும். அதிலும் மேடம், தானே போட்ட விதியைத் தானே மீறியவர் என்று ஊர் சிரிக்கும். பிறகு எனக்குக் கையெழுத்துப் போடுவார்களா? எழுதாவிட்டால், பொய் என்று தெரிந்தும் தூதுக் கதையை வைத்துக்கொண்டு பெங்களூர் போக வேண்டும். அவர்கள் சொன்னபடி அத்தியாயத்தையே தூக்கிவிடலாம், எல்லாருக்கும் நல்லது. ஆனால் அந்த ஆய்வேட்டை எனக்கே கையில் எடுக்கப் பிடிக்காது.

ஜெபஷீலாவிடம் ஆள் பெயர் சொல்லாமல் கேட்டேன். "நீ பாத்ததத்தானே எழுதணும்? பெறகு என்னத்துக்கு ஆறு மாசமா வெயில்ல அலைஞ்ச?" என்றாள். அவளுக்கு எல்லாமே சுலபம்.

பிப்ரவரி 17, செவ்வாய்

எழுதிவிட்டேன். இடம் அ, இடம் ஆ, இடம் இ. ஒவ்வொன்றிலும் ஒரு மனிதர் உணவு தருகிறார். பெயர் இல்லை, துறை இல்லை, ஆணா பெண்ணா என்றுகூட இல்லை. மூவருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

மறுநாளே திருத்தித் தரும் கைடிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. மேடம் வராந்தாவில் என்னைப் பார்த்தும் பார்க்காதது போலப் போனார். ஐயா மூன்று நாளாக லீவு. ஆனர்ஸ் அவ்வளவுதான் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். 

சப்பாத்தி ரப்பர்.

மார்ச் 2, திங்கள்

மூன்று பேரும் ஒரே நாளில் பதில் சொல்லிவிட்டார்கள். சிரிப்பதா அழுவதா தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன்.

கைடின் பக்கங்கள் வந்தன. இடம் அ என்ற பத்தியின் ஓரத்தில், எறும்பு எழுத்தில்: "குளுக்கோஸ் பிஸ்கட் என்பது தவறு. மேரி பிஸ்கட். இனிப்புக் குறைவு. திருத்தவும்."

மேடத்திடமிருந்து வாய்ஸ் மெசேஜ். எப்போதும் போலக் கறாரான குரல். "முத்துரேகா, இடம் ஆ-ல தயிர்சாதம்னு மொட்டையா போட்டிருக்க. உப்பில்லாத தயிர்சாதம்னு போடு. உப்பு நாய்க்கு ஆகாது. விவரம் முழுசா இருக்கணும்." அப்புறம் ஃபேன் சத்தம். "ஞாயித்துக்கெழமையும் உண்டுன்னு சேத்துக்கோ."

ஐயா நேரிலேயே கொண்டுவந்து தந்தார். இடம் இ-யில் ஒரே ஒரு திருத்தம். "உணவை வீசுகிறார்" என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு "உணவை வைக்கிறார்" என்று மாற்றியிருந்தார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் மூவர் பதிலிலும் ஒரே வாக்கியம். அத்தியாயம் இருக்கட்டும்.

எனக்கு இவர்களை எவ்வளவு பிடிக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

மார்ச் 20, வெள்ளி

வைவா முடிந்தது. ஒன்றுவிடாமல் எழுதிவைக்கிறேன்.

முதல்வர் தலைமை. ஒரு பக்கம் கைடு, மறுபக்கம் மேடம், ஓரத்தில் ஐயா. மூன்று அத்தியாயமும் வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போயின. நான்காவதில் முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். சர்க்குலருக்குப் பிறகும் இங்கே சோறு போடும் அந்த மூன்று பேர் யார் என்று கேட்டார். ஆய்வில் பங்கெடுத்தவர்களின் பெயரை வெளியே சொல்லக் கூடாது சார், அது ஆய்வு முறை என்றேன். முதல்வருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் மறுக்கவும் முடியவில்லை. மூன்று பேரும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

அப்போது மேடம் என் வரைபடத்தை இழுத்து முன்னால் வைத்தார்.

"ஏழாம் எண் தினமும் நாலு எடத்துல நிக்கி. மூணுக்குத்தான் காரணம் சொல்லியிருக்க. ஹாஸ்டல் வாசல்ல என்ன இருக்கு?"

குப்பைத்தொட்டி என்று சொல்ல வாயைத் திறந்தேன். மேடம் விடவில்லை.

"மத்த மூணு எடத்துக்கும் ஆள் இருக்கு. இங்க மட்டும் குப்பைத்தொட்டியா? கணக்கு நிக்காதும்மா. அந்த நாலாவது ஆள் யாரு?"

ஆராய்ச்சி செய்பவளே ஆராயும் நாய்க்குச் சோறு போட்டாள் என்றால் ஆய்வேடே செல்லாது என்று அவர்கள் எழுதலாம். பெங்களூர் கண் முன்னால் வந்து நின்றது. மடிந்த காதும் கூடவே வந்தது. ஆகஸ்டிலிருந்து ஒருநாள்கூட அது வாசலுக்கு வராமல் இருந்ததில்லை. ஒருநாள்கூட நான் போகாமலும் இருந்ததில்லை.

"நான்தான் மேடம்" என்றேன். "சப்பாத்தி. தினமும் ரெண்டு."

அழுதுவிட்டேன். வைவாவில் அழக் கூடாது என்று ஜெபஷீலா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

மேடம் பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "சார், இடம் ஆ நான்தான். சர்க்குலர்ல கையெழுத்துப் போட்டதும் நான்தான். பிள்ளை சொல்லும்போது நான் உக்காந்துட்டு இருந்தா நல்லாருக்காது."

கைடு மேடத்தைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே. "நீங்களுமா மேடம்?" என்றார். அந்த ஒரு 'உம்'மில் அவரும் மாட்டிக்கொண்டார். சிவசைலம் ஐயா கைப்பையைத் திறந்து, காகிதத்தில் சுற்றியிருந்த பன்னை மேசைமேல் வைத்தார்.

முதல்வர் நான்கு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நாலு பேருக்கு மெமோ அடித்தால் அதை விசாரிக்க வேண்டியது ஒழுங்குக் குழு, அதற்குத் தலைவி மேடம் என்று அலுப்போடு சொன்னார். நாய்க்குச் சோறு போடுவதாக இருந்தால் பையன்கள் நடமாட்டம் இல்லாத ஓரிடத்தில் எல்லாரும் சேர்ந்து போட்டுத் தொலையுங்கள், சர்க்குலரை அப்படி மாற்றி எழுதுங்கள் என்றார். அப்புறம், என்னை ஆனர்ஸுக்குப் பரிந்துரைக்கிறார்களா என்று குழுவைக் கேட்டார்.

இரண்டு திருத்தத்தோடு சரி என்றார்கள். ஒன்று, வரைபடத்தில் இடம் ஈ சேர்க்க வேண்டும், அது ஆய்வாளரே என்று ஒளிக்காமல் எழுத வேண்டும். இரண்டாவதைக் கைடு சொன்னார். "நன்றியுரைல குழுவுல எல்லாருக்கும் நன்றி சொல்லியிருக்க. ஒருத்தர் விட்டுப்போச்சு."

கையெழுத்துகள் விழுந்தன. ஒன்று, இரண்டு, மூன்று.

ஏழு வெளியே வாசல் கால்மிதியில் படுத்திருந்தது. நன்றியுரையில் அதற்கு என்ன பெயர் போடுவது என்று கேட்டேன். ஐயாத்துரை என்றார் கைடு. மேடம், அது என்ன பேரு, பட்டு என்றுதான் கூப்பிட வேண்டும், பட்டு என்றால்தான் திரும்பிப் பார்க்கும் என்றார். ஐயா இருமிவிட்டு, தாம் அதை வாத்தியார் என்று அழைப்பது வழக்கம் என்றார். பட்டு என்று இவ்வளவு கிழட்டு நாய்க்கு யாராவது பெயர் வைப்பார்களா என்று கைடு ஆரம்பித்தார். வராந்தா முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டே நடந்தார்கள். அது மூவர் பின்னாலும் கொஞ்ச தூரம் போய்விட்டு, நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது.

நல்லவேளை, பழையபடி எதிலும் ஒத்துப்போகவில்லை. அப்பாடா என்றிருந்தது.

ராத்திரிக்கு சப்பாத்தி. நன்றாகத்தான் இருந்தது, எப்போதும் நன்றாகத்தான் இருந்தது. மூன்று வாங்கினேன்.